கோப்பை உடையாத நாள்

என் வாயாடி மகளுக்கு,

நீ சுகமாக இருக்கிறாய் என்று நினைத்தால்தான் எனக்கு அடுத்த வரி ஓடும், அதனால் அப்படியே வைத்துக்கொண்டு எழுதுகிறேன். இங்கே எங்கள் இரண்டு பேருக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை, என் மனசுதான் அடுப்பில் வைத்த பால் மாதிரி பொங்குகிறது. எழுத்து கோணல்மாணலாகப் போனால் சிரிக்காதே, நான் படித்த படிப்புக்கு இதுவே அதிகம்.

எல்லாம் உன் அப்பா விஷயம்தான். பள்ளிக்கூட வேனை மதிலில் உரசினார், கண் ஆபரேஷன் ஆயிற்று, திங்கட்கிழமை ஓட்டிக் காட்டினால்தான் இனிப் பிள்ளைகளை ஏற்ற விடுவேன் என்று முதலாளி சொல்லிவிட்டார். நீ போனில், போதும்பா, வீட்டில் இருங்கள் என்றாய். அன்றிலிருந்து சாப்பிட்டு முடித்ததும் மனுஷன் சட்டையை மாட்டிக்கொண்டு மாயமாகிவிடுவார். கேட்டால், சும்மா காத்தாட என்பார். இந்த வயசில் எவளிடம் காற்று வாங்குகிறார் என்று ஒருநாள் பின்னாலேயே போனேன்.

போனால், பாழாய்க் கிடக்கிறதே பழைய பீங்கான் தொழிற்சாலை, அதற்குள் நுழைகிறார்! உள்ளே உன் மெக்கானிக் சித்தப்பாவின் ஓட்டை வேன். சூளைக்கு முன்னால் இருக்கும் பெரிய கூடத்தில், குப்பையில் கிடந்த கோணல் தேநீர்க் கோப்பைகளை இரண்டு வரிசையாக அடுக்கி, நடுவில் வேனை வளைத்து வளைத்து ஓட்டுகிறார். கோப்பை நொறுங்கினால் இடித்துவிட்டார் என்று கணக்காம். ஊர் கண்ணில் படாமல் பழக வேறு இடம் கிடைக்கவில்லையாம். என்னைப் பார்த்ததும் திருடன் மாதிரி முழித்தார். நான் விடுவேனா, என் சக்களத்திக்கு நாலு சக்கரமா என்று கேட்டேன். வந்ததுதான் வந்தே, கோப்பையை அடுக்கு என்றார்.

அன்றிலிருந்து நானும் தினம் கூடப் போகிறேன். அவர் ஓட்டும்போது எனக்கு இருப்புக் கொள்ளாது, அறை அறையாகச் சுற்றுவேன். சூளைக்குள் ஆள் நிமிர்ந்து நடக்கலாம். தொழிற்சாலை மூடிய பிறகு உர மூட்டை அடுக்கினார்களே, அந்த நாற்றம் இன்னும் போகவில்லை. வெள்ளத்தில் வந்து தங்கியவர்கள் துணி காயப்போட அடித்த ஆணிகள் அப்படியே இருக்கின்றன. உங்கள் பள்ளிக்கூடக் கூரை ஒழுகியபோது உங்களை உட்கார வைத்த அறையில் சுவரெல்லாம் கிறுக்கல், கீழே இருக்கிற மூக்கு நீண்ட வாத்தியார் உன் கைவேலைதானே? கையால் அளந்து பார்த்தேன், என் இடுப்புக்குக்கூட வரவில்லை. அந்த உயரத்துப் பிள்ளைகளைத்தானே இவர் வேனில் ஏற்றப்போகிறார்.

நேற்று ஒரு சுற்று அழகாக வந்தார், கடைசித் திருப்பத்தில் மட்டும் ஒரு கோப்பை நசுங்கியது. அவர் இறங்குவதற்குள் சில்லைக் காலால் ஒதுக்கிவிட்டு, உடைந்த கைப்பிடியைப் பைக்குள் போட்டேன். ஏதாவது உடைஞ்சுதா என்றார். இல்லீங்க என்றேன். மனுஷன் முகத்தைப் பார்க்கணுமே! வழி நெடுக விசில். ராத்திரி முழுக்க எனக்குப் பொட்டுத் தூக்கமில்லை. நாளைக்குத் திங்கள்.

இதுவரை எழுதிவிட்டு, மேலே பேனா ஓடாமல் எழுந்து போய் அந்தக் கைப்பிடியை அவர் முன்னால் வைத்தேன். கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தார். திட்டுவார் என்று நின்றால், எழுந்து ஆணியில் மாட்டியிருந்த சட்டைப் பையிலிருந்து இன்னொரு கைப்பிடியை எடுத்துப் பக்கத்தில் வைத்தார். முந்தா நாள் நீ சூளைக்குள்ள போனப்ப உடைஞ்சதுடி, ஜோடி சேர்ந்துடுச்சு பாரு என்றார். எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. அப்புறம் அவரே முதலாளிக்குப் போன் போட்டு, இன்னும் கொஞ்ச நாள் ஆகும்ண்ணே, எனக்கே நம்பிக்கை வந்தப்புறம் வந்து ஓட்டிக் காட்டுறேன் என்றார். முதலாளி வேறு ஆள் வைத்துக்கொண்டாலும் வைத்துக்கொள்வார். அந்தப் பயம் இன்னும் இருக்கிறது, ஆனால் இன்றைக்குத் தூங்குவேன்.

நீ நேரத்துக்குச் சாப்பிடு, ஈரத் தலையோடு வேலைக்கு ஓடாதே. குறையொன்றும் இல்லாமல் நூறு வயசு இரு. ஒன்றே ஒன்று மறக்காதே: அப்பாவிடம் ஓட்டு என்றும் சொல்லாதே, ஓட்டாதே என்றும் சொல்லாதே. இன்னிக்கு எத்தனை கோப்பை உடைஞ்சுது என்று மட்டும் கேள். ஒன்றுமில்லை என்றால் போனை என்னிடம் கொடுக்கச் சொல்.

கோப்பை அடுக்கும்
உன் அம்மா