ஒன்பது மணிக்குப் பிறகு

அப்பா, இதை யாருக்கும் காட்டிவிடாதீர்கள். உங்களால் காட்ட முடியாது என்று தெரியும், ஆனாலும் கேட்கிறேன். வேறு யார் கையிலாவது இந்தக் கொப்பி கிடைத்தால், தயவுசெய்து மூடி வைத்துவிடுங்கள். தமிழில் எழுதினால் அண்ணாவுக்கு வாசிக்கத் தெரியாது. அம்மாவுக்குத் தெரியும். அதுதான் பயம்.

இன்று பின்னேரம் அண்ணா கராஜிலிருந்து உங்கள் கையுறைகளை எடுத்து வந்து சாப்பாட்டு மேசையில் போட்டான். இரண்டு வருடமாகியும் பெற்றோல் மணம் போகவில்லை. ஆல்பனி பல்கலைக்கழக வளாகத்தில் அவனோடு படிக்கிற இரண்டு பேரும் அவனும் வருகிற திங்கட்கிழமை தெற்குத் தீவு மலையில் ஸ்னோமொபைல் என்கிற பனி வண்டி ஓட்டப் போகிறார்கள். நீங்கள் போன அதே மலை. "அப்பா கடைசியாப் பார்த்த இடத்தை நானும் பாக்கோணும்" என்கிறான்.

அன்று இதே மேசையில்தான் நீங்களும் மலையின் வரைபடத்தை விரித்தீர்கள். மங்கரே சரக்குக் கிடங்கில் உங்களோடு வேலை செய்த டேவ் அங்கிள் பக்கத்தில் இருந்தார். சிவப்புப் பென்சிலை என்னிடம் தந்து, ஒரு சரிவைச் சுற்றி வட்டம் போடச் சொன்னீர்கள். "வசந்தகாலத்துப் பனி காலமை கல்லு மாதிரி இருக்கும் குஞ்சு, மத்தியானம் கஞ்சியாப் போயிடும். எட்டு மணிக்கு ஏறினால்தான் பன்னிரண்டுக்கு முன்னம் இதைத் தாண்டித் திரும்பலாம்."

அம்மா குசினிக்குள் சமைத்தபடியே, "திங்கள் ஏழரையிலயிருந்து ஒன்பது ராகுகாலம்" என்றார்.

"அந்த மலையில ஏற ராகுவுக்கு லைசன்ஸ் இருக்கோ?" என்றீர்கள். டேவ் அங்கிள் என்னவென்று கேட்க, அது உங்கள் மனைவியின் வானிலை அறிக்கை என்று ஆங்கிலத்தில் விளங்கப்படுத்தினீர்கள். அம்மாவுக்கே சிரிப்பு வந்துவிட்டது.

ஆனால் அந்தத் திங்கட்கிழமை காலை அம்மா சிரிக்கவில்லை. "நான் சொன்னாப் பகிடி பண்ணுவார். நீ சொல்லு, கேப்பார்" என்று, ஒன்பதுக்குப் பிறகு ஏறும்படி மலையடியில் இருந்த உங்களுக்கு என்னைத்தான் தகவல் அனுப்பச் சொன்னார். அனுப்பினேன். நான் பள்ளிக்கூட பஸ்ஸில் இருந்தபோது உங்கள் பதில் வந்தது. பதினொரு விநாடிக் குரல் பதிவு. அம்மாவிடம் சொல்லப் பின்னேரம் வரை பொறுக்கலாம் என்று நினைத்தேன். வீட்டுக்கு வந்தபோது வாசலில் பொலிஸ் கார் நின்றது. பன்னிரண்டரைக்கு நீங்கள் அந்தச் சிவப்பு வட்டத்துச் சரிவில் இருந்தபோது பனி சரிந்து மூடியதாம்.

அம்மா என் தோளைப் பிடித்து உலுக்கினார். "அனுப்பினியோ? அவர் என்ன சொன்னவர்?"

"அனுப்பினனான். அவர் கேக்கேல்லை அம்மா. எட்டுக்கே போயிட்டார்."

அந்த ஒரு பொய்தான். அதற்குப் பிறகு அதைத் திருப்பி எடுக்கவே முடியவில்லை. உங்களோடு ஏறி உயிர் தப்பிய டேவ் அங்கிள் சொல்லிவிடுவாரோ என்று பயந்தேன். அவர் நம் வீட்டுப் பக்கமே வராமல் ஆஸ்திரேலியாவுக்குப் போய்விட்டார். இன்றைக்கும் யாராவது துக்கம் விசாரித்தால், "ராகுகாலத்தில வெளிக்கிட்டவர், சொல்லச் சொல்லக் கேக்கேல்லை" என்கிறார் அம்மா. உங்களைச் சொல்வழி கேளாதவராக்கியது நான்தான்.

அண்ணாவைப் போக விட்டதற்கும் அம்மா ஒரே ஒரு நிபந்தனைதான் வைத்தார். கலண்டரைக் கழற்றி வந்து அவன் முன்னால் வைத்து, "ஒன்பதுக்குப் பிறகுதான் ஏறுவன் எண்டு சத்தியம் பண்ணு" என்றார். பண்ணிவிட்டான்.

இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு அவனைத் தனியாகப் பிடித்து, எட்டுக்கே போகச் சொல்லிக் கெஞ்சினேன்.

"உனக்கென்ன விசரே? ஒரு மணித்தியாலம்தானே. அப்பா அம்மான்ர சொல்லைக் கேக்காமப் போனது காணாதே, நானும் அப்பிடிப் போகவோ?"

உண்மையைச் சொன்னால்தான் அவன் நேரத்தோடு போவான். சொன்னால், உங்களைக் காக்க வைத்தது தன் சொல்தான் என்று அம்மாவுக்குத் தெரிந்துவிடும். பிறகு அவர் எப்படி உயிரோடு இருப்பார்? எனக்கு வழி தெரியவில்லை அப்பா. இன்னும் நான்கு நாள்தான் இருக்கிறது.

அந்தப் பதினொரு விநாடியை அழிக்கவும் முடியவில்லை, யாருக்கும் கேட்க வைக்கவும் முடியவில்லை. பள்ளிக்கூடத்துக்கும் கொண்டு போகிறேன், படுக்கைக்கும் கொண்டு வருகிறேன். இப்போதும் போர்வைக்குள் மெதுவாகப் போட்டேன். "சரி குஞ்சு. ஒன்பது அடிச்சாப் பிறகுதான் ஏறுவன் எண்டு அம்மாட்டச் சொல்லு. டேவ் சிரிக்கிறான், பரவாயில்லை. அவ நிம்மதியா இருக்கட்டும்."

இரண்டாம் முறையும் போட்டேன். கதவு தட்டப்படுகிறது. அம்மா.

"பிள்ளை, கதவைத் திற. அது அப்பான்ர குரல் எல்லே?"