கமலவேணிக்காக நான் பேசிய இங்கிலீஷ்

காஜா பேராங், மலாக்கா
16 பிப்ரவரி 1958

அன்பு மகள் மீனாச்சிக்கு அம்மா எழுதுவது. மாரியம்மன் துணையில் இங்கே மூவரும் சுகமாக இருக்கிறோம், லிவர்பூல் குளிரில் உன் இருமல் விட்டதா என்று முதலில் எழுது. உன் கடிதம் கிடைத்தது. தங்கச்சியைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்திவிட்டார்கள் என்று கேள்விப்பட்டு, ஆசிரியர் பயிற்சியைப் பாதியில் விட்டு வந்து நானே அவளுக்குச் சொல்லிக் கொடுக்கிறேன் என்கிறாய். வரக்கூடாது. அதற்குத் தேவையும் இல்லை, நடந்ததைக் கேள்.

போன வருஷம் கமலவேணி நெஞ்சுச் சளியோடு ஆஸ்பத்திரியில் கிடந்ததால் பரீட்சை எழுதவில்லை அல்லவா, ஜனவரியில் பள்ளி திறந்ததும், அதே வகுப்பில் மறுபடி உட்கார வயது தாண்டிவிட்டது என்று பெயரை எடுத்துவிட்டார்கள். அப்பா லாரி வேலைக்கு லீவு போட்டுப் போய், ப்ளீஸ் ப்ளீஸ் என்று நின்றுவிட்டு வந்தார். ரூல் என்று ஒரே சொல்லில் அனுப்பிவிட்டார்களாம். செமாபோக்கில அஞ்சலை அத்தைகிட்ட தையல் பழகட்டும், நமக்கு அவ்வளவுதான் என்று சொல்லிவிட்டுச் சோறுகூடத் தின்னாமல் படுத்துவிட்டார். கமலவேணி யூனிஃபார்மை மடித்துப் பெட்டியின் அடியில் வைத்தாள். அதைப் பார்த்ததும் நானே போவது என்று முடிவு செய்தேன்.

நான் சாயங்கால இங்கிலீஷ் வகுப்புக்குப் போவது உனக்குத் தெரியும். பள்ளியில் போய் எப்படிக் கேட்பது என்று ராஜரத்தினம் மாஸ்டரிடம் கேட்டேன். ஐ வாண்ட் என்று தொடங்கினால் நூறு பேர் கேட்பதில் ஒன்றாகப் போய்விடும், நான் கேட்பது இதுதான் என்று தமிழில் அழுத்திச் சொல்கிறோமே, அந்தத் தான் என்கிற சொல்லுக்கு இங்கிலீஷில் தனிச்சொல் கிடையாது, வாக்கியத்தையே மாற்றிப் போடணும், வாட் ஐ ஆம் ஆஸ்கிங் இஸ் தட் என்று ஆரம்பிங்க, பின்னால என்ன வருதுன்னு அவங்க காத்திருப்பாங்க என்றார். தேங்காய் துருவும்போதும் துணி அலசும்போதும் அதையே சொல்லிச் சொல்லிப் பழகினேன். அம்மாவுக்குக் காய்ச்சலா என்று கமலவேணி அப்பாவிடம் கேட்டாளாம்.

பள்ளிக்குப் போனேன். பெரிய டீச்சர் வெள்ளைக்காரம்மா. உட்காரச் சொல்லவில்லை. நான் கேட்பது, என் மகளுக்கு ஒரு பரீட்சை வைக்க வேண்டும் என்பதே என்று இங்கிலீஷில் வாட் என்று தொடங்கி மூச்சு விடாமல் சொல்லி முடித்தேன். பேனாவைக் கீழே வைத்தார். நீங்கள் புரிந்துகொள்ள வேண்டியது அவளுக்கு வயது தாண்டிவிட்டது என்பதுதான் என்று அவரும் வாட் என்றே தொடங்கிப் பதில் சொன்னார். நான் படித்த அதே வாக்கியம் மீனாச்சி, அந்த ஒரு சொல்லில் என் பயம் பாதி போய்விட்டது. எனக்குப் புரியாதது, நோயில் படுத்ததை ஏன் அவள் குற்றமாக எடுக்கிறீர்கள் என்பதுதான் என்றேன். அதற்கு மேல் இங்கிலீஷ் ஓடவில்லை, மலாயைக் கலந்து, டெஸ்ட் வையுங்கள், ஃபெயிலானால் நானே கூட்டிக்கொண்டு போகிறேன் என்றேன். அவர் நாற்காலியைக் காட்டி உட்காரச் சொன்னார்.

பரீட்சை வைத்தார்கள். கணக்கிலும் இங்கிலீஷிலும் தேறினாள், மலாயில் தட்டுத் தடுமாறித்தான். பழைய வகுப்பிலேயே எடுத்துக்கொண்டார்கள், ஆனால் அரையாண்டில் பின்தங்கினால் மறுபடி நிறுத்திவிடுவார்களாம். நிறுத்த விடமாட்டேன். தினமும் விளக்கு வைத்ததும் மலாய்ப் புத்தகத்தோடு என் எதிரில் உட்காருகிறாள். அப்பா சனிக்கிழமை, பள்ளிக்குக் காலில் போட வெள்ளைச் சப்பாத்து ஒரு ஜோடி வாங்கி வந்து அவள் கட்டிலருகே வைத்துவிட்டு லாரியைக் கழுவப் போய்விட்டார்.

தலைக்குக் குளித்தால் ஈரத்தோடு வெளியே போகாதே. மிளகாய்த்தூள் கப்பலில் வருகிறது, தோழிகளுக்கும் கொடு. அம்மனும் உன் அப்பாவின் ஆசியும் உன்னைக் காக்கட்டும். படிப்பை முடித்துச் சர்டிபிகேட்டோடு கப்பல் ஏறு. அதற்கு முன்னால் வந்தால் கதவைத் திறக்க மாட்டேன், இதை நான் கோபத்தில் எழுதவில்லை.

உன் அம்மா
சு. பொன்னம்மா