கையிலேயே நின்றுபோன சீட்டு

முந்தாநாள் கண் ஆஸ்பத்திரிக் காகிதங்களைத் தேடிக் கோப்பைப் பிரித்தேன். அந்த அட்டை வந்து விழுந்தது. ஓரத்தில் சந்தனக் கறை. கறுத்துப் போயும் வாசனை விடவில்லை. அதைக் கையில் வைத்துக்கொண்டுதான் உனக்கு இதை எழுதுகிறேன். கோபமாக இருக்கிறேன். யார் மேல் என்று வரிசைப்படுத்திப் பார்த்தேன். வரிசை நிற்கவில்லை.

என் தங்கை மகளைக் கொடுத்த வீட்டில், அவள் மாமனாரான மில் முதலாளிக்கு அறுபதாம் கல்யாணம். மறுநாள் நாம் இருவரும் உயிராக நினைத்த பாடகி அவர் வீட்டுக் கூடத்தில் பாடப்போகிறார், முப்பது பேருக்கு மட்டும், மைக் கூடக் கிடையாது என்று சொல்லி எனக்கு இரண்டு அழைப்பு கொடுத்தார்கள். ரெட்டியார்சத்திரத்தில் இருந்த உனக்குப் போன் செய்தேன். "ஏலே, நெசமாவா?" என்றாய்.

நீ கேட்க விரும்பியது ஒரே ஒரு பாட்டு. பழனிக்குப் பாதயாத்திரை போகையில் உன் மனைவி வழியெல்லாம் பாடிக்கொண்டு வந்த முருகன் பாட்டு. அவள் போன பிறகு, அந்தப் பாடகியம்மாள் குரலில் அதைக் கேட்டுவிட்டுத்தான் விடியற்காலையில் மல்லி பறிக்கப் போவாய். "நீ எழுதிக் குடுலே, என் எழுத்து கோழி கெளறுன மாதிரி இருக்கும்" என்றாய். நான் வேலை பார்த்த நூலகத்தில் மிச்சமான அட்டை ஒன்றில் எழுதினேன். இரண்டு முறை திருத்தி, 'தாழ்மையுடன்' என்றும் சேர்த்தேன். வாங்கிப் பார்த்துச் சிரித்து, என்னிடமே திருப்பித் தந்தாய். "பட்டாவுக்கு மனுப் போடுறியாக்கும்?"

கூடத்தில் நாம் உட்கார்ந்து பத்து நிமிஷம் ஆகவில்லை. ஒருவன் வந்து உன் தோளைத் தொட்டான். "பெரியவரே, செத்த வெளிய நில்லுங்க. முக்கியமானவுக வாராக." நீ எழுந்து போய் வாசலில் செருப்புகளுக்குப் பக்கத்தில் நின்றாய். நான் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பெண்ணைக் கொடுத்த இடம். நான் ஒன்று சொல்லப்போய் நாளைக்கு அந்தப் பிள்ளைக்கு ஒரு சொல் வந்துவிடக்கூடாது என்று எனக்கு நானே நியாயம் சொன்னேன்.

அந்தம்மாள் ஒரு மணி நேரம் பாடினார். முன்வரிசைக்காரர்கள் நிலம் விற்றதைப் பேசினார்கள். முடிவில் அவர் தாழ்ந்த குரலில், "வேற யாருக்காச்சும் ஏதும் பாட்டு வேணுமா?" என்றார். அது வாசல்வரை கேட்டிருக்காது. என்னைப் பார்த்தார். "ஐயா, கையில என்னமோ வச்சிருக்கீங்களே?"

மில் முதலாளி திரும்பி என்னைப் பார்த்தார். "போதும்மா, பந்தி ரெடி" என்றார்.

"ஒண்ணுமில்லம்மா" என்றேன் நான்.

பஸ் ஸ்டாண்டுக்கு நடக்கும்போது கேட்டாய்.

"சீட்டக் குடுத்தியா?"

"குடுத்தேன்."

"படிச்சாளா?"

"படிச்சாங்க."

"அம்புட்டுத்தேன். பெரிய ஆளாயிட்டாள்ல" என்று காறித் துப்பினாய்.

நீ ஏன் அதை நம்பினாய்? நாற்பது வருஷம் கேட்ட குரலை விட்டுவிட்டு என் ஒரு வார்த்தையை ஏன் நம்பினாய்? பள்ளிக்கூடத்தில் வாத்தியார் அடிக்க வந்தால் பெஞ்சுக்கு அடியில் ஒளிந்தவன் நான். அது உனக்குத் தெரியாததா? சட்டையைப் பிடித்து உலுக்கியிருந்தால் அன்றைக்கே உண்மையைச் சொல்லியிருப்பேன். அதற்குப் பிறகு மூன்று வருஷம் உன் வீட்டில் அவர் பாட்டு ஒலிக்கவில்லை. அந்தப் பாட்டோடு உன் மனைவியின் பாட்டும் போயிற்று. நான் வாரம் ஒருமுறை வந்து, காபி குடித்து, வாயை மூடிக்கொண்டு திரும்பினேன். உன்னைக் கிடத்தியிருந்த அன்று யாரோ அந்தப் பாட்டைப் போட வந்தார்கள். உன் மகன் தடுத்துவிட்டான். "அந்தம்மா பாட்டு வேணாம்னு அப்பா சொல்லியிருக்காக." நான் அப்போதும் பேசவில்லை. சாமியானாவின் நிழலில் நகர்ந்து உட்கார்ந்தேன்.

நேற்று அட்டையை எடுத்துக்கொண்டு உன் வீட்டுக்குப் போனேன். உன் மகனிடம் ஒன்று விடாமல் சொன்னேன். அவன் அட்டையை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தான்.

"இது அப்பா கையெழுத்து இல்லையே."

"நாந்தான் எழுதுனேன்."

"அப்ப நீங்களே வச்சுக்கங்க மாமா."

கையில் கொடுத்துவிட்டு உள்ளே போனான். திரும்பி வரவில்லை. நான் வாசலில் கழற்றிவிட்ட செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டேன். அன்று நீ நின்றதும் செருப்புகளுக்குப் பக்கத்தில்தான்.

அட்டை இன்னும் என் கையில்தான் இருக்கிறது. 'தாழ்மையுடன்' என்ற சொல்லை மட்டும் இன்று காலை அடித்துவிட்டேன்.