மூக்குக் கிண்ணத்தின் சாட்சி

என் அருளுடைய அப்பாவுக்கு,

நம் ஆலயப் பத்திரிகையில் போட உங்கள் நினைவாக நாலு வரி கேட்டார்கள். நாலு வரி போதாது. ஊரார் படிக்கட்டும், உங்கள் அக்காவும் படிக்கட்டும் என்று கொஞ்சம் விரித்தே எழுதுகிறேன்.

எனக்கு உடம்பு ஓய்ந்துவிட்டது. பீங்கான் கொட்டகையில் காலால் உதைத்துச் சுற்றும் உங்கள் சக்கரத்தில் இப்போது நான்தான் பாத்திரம் வனைய உட்காருகிறேன். இந்த வெள்ளை மண்ணில் தண்ணீர் கொஞ்சம் கூடினால் சரிந்து உட்காருகிறது, குறைந்தால் கிழிகிறது. செம்மண்ணுக்கு உள்ள பொறுமை இதற்குக் கிடையாது. இதோடு இத்தனை வருஷம் எப்படிக் குடித்தனம் பண்ணினீர்கள்?

உங்களுக்கு வாதம் வந்து ஒரு பக்கம் விழுந்தபோது, தம்ளரில் கொடுத்த தண்ணீர் பாதி காதுக்குள் ஓடியது. படுத்தபடியே குடிக்க மூக்கு வைத்த கிண்ணம் தேடி ராஜபாளையம் வரை போனேன். "சண்ட முடிஞ்சு கப்பல் வந்தாத்தானம்மா அந்தச் சாமான் வரும்" என்றார் கடைக்கார ராவுத்தர். அதனால்தான், அதுவரை தட்டுகளும் கைப்பிடிகளும் கையாலேயே செய்துகொண்டிருந்த நான் முதல்முதலாகச் சக்கரத்தில் உட்கார்ந்தேன்.

ஒருவழியாக நின்ற கிண்ணத்தையும், தனியாக இழுத்த மூக்கையும் ஈரத்துணியில் சுற்றி வீட்டுக்குக் கொண்டுவந்து காட்டினேன். பாதி வாயால் சிரித்தீர்கள். பிறகு இடது கையால் காற்றில் ஒரு சாய்ந்த கோடு போட்டு, "ஏட்டி, மூக்கு நுனிய கோணலா வெட்டு" என்றீர்கள்.

அதே வாரம்தான் இன்னொன்றும் சொன்னீர்கள். "நம்ம மக அருள அக்கா மகனுக்குக் கட்டிக் குடுக்காத. அவ படிக்கட்டும்." நன்றாக இருந்த காலத்தில் அக்காவுக்கு வாக்குக் கொடுத்தவரே நீங்கள்தான். பக்கத்தில் இருந்த அக்கா என்னை வெளியே கூட்டிப்போய், "தம்பிக்குப் புத்தி கலங்கிருச்சுட்டி. மூக்கக் கோணலா வெட்டச் சொல்லுதான், அதையும் கேப்பியா?" என்றார்.

எனக்கும் அப்படித்தான் பட்டது. ஆனாலும் கோணலாகவே வெட்டி ஒட்டினேன். படுக்கையில் கிடப்பவரோடு என்ன வழக்கு என்றுதான். அந்த மண்ணை அவசரமாகக் காயவைத்தால் ஒட்டு விட்டுப்போகும். நிழலில் காய்ந்து, சூளை நிறையக் காத்திருப்பதற்குள் நீங்கள் போய்விட்டீர்கள். கடைசிவரை பஞ்சை நனைத்துத்தான் உங்கள் வாயில் பிழிந்தேன்.

அடக்கம் முடிந்த கொஞ்ச நாளில் அக்கா நிச்சயத்துக்கு நாள் கேட்டார். மகாராஜபுரத்திலிருந்து அவர் அனுப்புகிற அரிசியில்தான் உலை கொதித்தது. சரியென்று தலையை ஆட்டிவிட்டேன்.

அதன் பிறகு சூளை பிரித்தார்கள். கோணலாக வெட்டிய மூக்கு நேராக நின்றது. சூளைக்கார சவரிமுத்து அண்ணனிடம் கேட்டேன்.

"சக்கரத்துல இழுத்த மூக்கு சூட்டுல முறுக்கித் திரும்பும்மா. அதுக்காவத்தான் அவிய எப்பவும் கோணலா வெட்டுவாவ. ஒனக்குத் தெரியாதா?"

தெரியாது. சூளை ஓரத்திலேயே உட்கார்ந்து அழுதேன். நீங்கள் நல்ல நினைவோடுதான் இருந்திருக்கிறீர்கள். நாங்கள்தான் உங்கள் பேச்சைக் கேட்பதை நிறுத்திவிட்டோம். ராத்திரியெல்லாம் வேறு என்னென்னவோ குழறினீர்களே, அதெல்லாம் என்ன?

கிண்ணத்தைக் கொண்டுபோய் அக்கா முன்னால் வைத்து விஷயத்தைச் சொன்னேன். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"மண்ணுக்குச் சொன்னது சரின்னா, பிள்ளைக்குச் சொன்னதும் சரியாயிருமா?"

"அது தெரியல மதினி. ஆனா அவிய புத்தியோடதான் சொன்னாவ. பொண்ணத் தர மாட்டேன்."

அதன் பிறகு அவர் நம் வீட்டு வாசல் மிதிக்கவில்லை. அரிசியும் நின்றுபோனது. அவரையும் குறை சொல்ல முடியாது, நம்பியிருந்தவர். அருள் மட்டும், "அப்பா நெசமாவே அப்படிச் சொன்னாவளாம்மா?" என்று மறுபடியும் மறுபடியும் கேட்டாள். இப்போது ஆசிரியைப் பயிற்சியில் சேர்ந்திருக்கிறாள்.

இடுப்பு கழன்றுபோகிறது. ஆனாலும் அவள் படித்து முடிக்கும்வரை இந்தச் சக்கரத்தை விட்டு எழுந்திருக்க மாட்டேன். நானும் ஒருநாள் வாய் கோணிப் படுத்துக் குழறினாலும் அவள் படிக்கட்டும் என்று இதையேதான் சொல்வேன். அருள் பக்கத்தில் உட்கார்ந்து கேட்பாள்.

உங்கள் மனைவி,
அருளின் அம்மா