மஞ்சளில் பிரட்டிய ஒடியல்

உரும்பிராய்
14.03.2025

அன்புள்ள மகள் தக்சாயினிக்கு,

நானும் அப்பாவும் சுகம். நீ சுகமாக இருக்கிறாய் என்பது நேற்று ரெலிபோனில் உன் சிரிப்பிலேயே தெரிந்துவிட்டது, அதனால் அம்மனிடம் அதைத் தனியாகக் கேட்கவில்லை, நன்றி மட்டும் சொல்லிவிட்டு வந்தேன். மணிக்கட்டுக் கட்டை அவிழ்த்து ஒரு கிழமைதான் ஆகிறது, எழுத்துக் கோணினால் பொறுத்துக்கொள். உன் பேராசிரியை கேட்டபடி, பனங்கிழங்கைப் பிளந்து காயவைத்தால் ஒடியல் என்பதிலிருந்து அதை நான் என்ன செய்தேன் என்பது வரை தனித்தாளில் எழுதி வைத்திருக்கிறேன், அதை அவரிடம் கொடு. இந்தக் கடிதம் உனக்கு மட்டும்.

போன வருடம் நீ நோர்வேயிலிருந்து ஒடியல் மா கேட்டபோது, சமையலுக்கல்ல, ஆய்வுக்கு, ஒன்றும் சேர்க்க வேண்டாம் என்று மூன்று தரம் சொன்னாய். மாவைத் தண்ணீரில் கரைத்து இறுக மூடிய குடுவையில் மணிக்கணக்காகச் சூடாக்கினால் கண்ணுக்கே தெரியாத கரித் துகள்கள் வரும், ஊதா விளக்கைப் பிடித்தால் அவை ஒளிரும் என்றாய். கரியாவது ஒளிர்வதாவது என்றார் அப்பா. பிறகு நீ அனுப்பிய படத்தில் சின்னப் போத்தல் பச்சையாக ஒளிர்ந்ததை மருதனார்மடம் சந்தையில் மரக்கறிக்காரருக்கெல்லாம் காட்டித் திரிந்தவரும் அவர்தான். நீ மறுபடி மாக் கேட்ட நேரம் நான் கை முறிந்து கிடந்தேன். அவர் அதே சந்தையில் ஒடியல் வாங்கி, மில்லில் திரித்து அனுப்பினார். அதில் மங்கல் நீலம்தான் வந்தது, எத்தனை தரம் செய்தும் பச்சை வரவில்லை. "அம்மா, நான் இல்லாததை எழுதிப்போட்டன் எண்டு இங்கை எல்லாரும் நினைக்கினம்" என்று நீ அழுதாய். முதல் மாவில் ஏதாவது சேர்த்தேனா என்று கேட்டாய், இல்லவே இல்லை என்று அடித்துச் சொன்னேன். அது பொய்யில்லை பிள்ளை. வெளிநாட்டுக்குப் போகிற ஒடியலை வண்டு அரிக்காமல் மஞ்சள் தண்ணீரில் பிரட்டிக் காயவிடுவது எனக்குக் கை கழுவுகிற மாதிரி. நீ வேண்டாம் என்றது உப்பையும் மிளகாயையும் என்றே எடுத்துக்கொண்டேன், மஞ்சளை நான் ஒரு சாமானாகவே நினைக்கவில்லை.

மூன்றாம் முறை அனுப்ப, கட்டுப் போட்ட கை நனையக்கூடாது என்று ஒடியலை அப்படியே பாயில் பரப்பிக்கொண்டிருந்தேன். பக்கத்து வீட்டுச் சின்னத்தங்கம் வேலியடியில் நின்று, "ஏனக்கா, போன முறை மாதிரி மஞ்சளிலை பிரட்டேல்லையோ?" என்றாள். ஒடியலைப் பாயிலேயே விட்டுவிட்டு உள்ளே ஓடினேன். உடனே உனக்கு ரெலிபோன் எடுத்துச் சொன்னேன். நீ திட்டுவாய் என்று காத்திருந்தால், எவ்வளவு மஞ்சள் என்று மட்டும் கேட்டாய்.

அப்பா அனுப்பிய மாவில் மிச்சமிருந்ததை இரண்டாகப் பிரித்து, ஒன்றுக்கு மட்டும் அங்குள்ள தமிழ்க்கடை மஞ்சளைச் சேர்த்து நீ செய்ததில் பச்சை திரும்பி வந்தது, மற்றதில் பழைய நீலம்தான் என்று நேற்றுச் சொன்னாய். எல்லோருக்கும் முன்னால் பேராசிரியை உன் கையைப் பிடித்துக் குலுக்கினாராம். அதைக் கேட்ட பிறகுதான் இந்த மாதத்தில் முதல் தடவையாக வயிறாரச் சாப்பிட்டேன். தான் வாங்கின ஒடியலால்தான் உண்மை வெளிவந்தது என்று அப்பா இப்போது நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிகிறார்.

இனி, ரெலிபோனில் சொல்ல வாய் வராத ஒன்று. நீ அழுத அன்று அப்பா உடனே, "எங்கடை பிள்ளை அப்பிடிச் செய்யாது" என்றார். நான் வாயே திறக்கவில்லை. எப்போது முடிப்பாய், எப்போது முடிப்பாய் என்று நான் கொடுத்த நெருக்கத்தில் நீ ஒரு இலக்கத்தை மாற்றியிருப்பாயோ என்று இரண்டு நாள் நினைத்தேன். பிழை என் கையில், சந்தேகம் உன்மேல். இதை உனக்குத் தெரியாமலே விட்டிருக்கலாம். ஆனால் முதல் மாவில் மஞ்சள் இருந்ததை மறைக்காமல் கட்டுரையில் எழுதப்போகிறேன் என்றாய், அதைக் கேட்டபின் நான் மட்டும் மறைத்து வைப்பது முறையாகப் படவில்லை. என்னை மன்னித்துக்கொள்.

சந்நிதி முருகன் உன் பக்கத்தில் நிற்கட்டும், நல்ல பேரோடு படிப்பை முடி, அவசரமில்லை. குளிரில் தலையை மூடாமல் வெளியே போகாதே. இனி வேலையில் ஏதாவது பிழைத்தால் முதலில் என்னைக் கேள், நான் "இல்லை" என்று சொன்னால் இன்னொரு தரம் கேள்.

இப்படிக்கு,
இரண்டு நாள் உன்னை நம்பாமல் இருந்த உன் அம்மா,
சிவக்கொழுந்து