அறுபதும் இடக்கை

அன்புள்ள அப்பாவுக்கு,

வணக்கம். இந்தக் கடிதத்தில் எல்லாவற்றையும் உள்ளது உள்ளபடி எழுதப்போகிறேன். நீங்கள் கப்பலிலிருந்து போனில் பேசும்போது அம்மா பக்கத்திலேயே நிற்பதால் நானும் "நல்லா இருக்கோம்" என்றே சொல்லிவந்தேன். அது பொய்.

அம்மாவுக்கு வந்திருப்பது மல்டிபிள் ஸ்க்ளீரோசிஸ் என்னும் நரம்பு நோய் என்று டாக்டர் சொன்னபோது நீங்களும் இருந்தீர்கள். கால் மரத்துப்போகும், கண் மங்கும் என்றார். களைப்பைப் பற்றிச் சொன்னதை மட்டும் நாம் காதில் வாங்கவில்லை. பத்து மணி நேரம் தூங்கி எழுந்தாலும் பல் தேய்த்து முடிப்பதற்குள் அம்மா உட்கார்ந்துவிடுகிறாள். திங்கட்கிழமை எனக்கு ஒரு பக்கம் பின்னிவிட்டு, மறுபக்கம் பாதியில் சீப்பை வைத்துவிட்டாள். "கை என் பேச்சைக் கேக்கல, கண்ணு" என்றாள். "நேத்து பீரோவெல்லாம் அடுக்கினியே, இன்னைக்கு மட்டும் என்னவாம்?" என்று கேட்டுவிட்டேன். இதையும் எழுதத்தான் வேண்டும்.

மறுநாள் தையற்கூடத்தில் பள்ளிச் சட்டைகளுக்குக் கைப்பகுதி வெட்டினாள். துணியை அடுக்கும்போது ஒன்றை நல்ல பக்கமாகவும் அடுத்ததை உள்பக்கமாகவும் போட வேண்டுமாம். அப்போதுதான் வலக்கையும் இடக்கையும் ஜோடியாக வரும். அம்மா எல்லாவற்றையும் ஒரே பக்கமாகப் போட்டு வெட்டிவிட்டாள். அறுபதும் இடக்கை. பதினோரு வருடத்தில் முதல் தவறு. "ரெண்டும் இடது கையா இருக்குற முப்பது பிள்ளைங்களத் தேடணும்" என்று வீட்டுக்கு வந்து அவளே சிரித்தாள். பிறகு செருப்பைக்கூடக் கழற்றாமல் படுத்தவள்தான், இன்னும் சரியாக எழவில்லை.

இன்று பள்ளி விட்டதும் தையற்கூட மேஸ்திரி என்னைக் கூப்பிட்டார். உள்ளே காஜா போடும் அக்கா, "பாத்தா ஒரு நோவும் தெரியல. படுத்துக்க ஒரு சாக்கு" என்று எனக்குக் கேட்கும்படியே சொன்னாள். மேஸ்திரி அவளை அதட்டிவிட்டு, அம்மாவின் பெரிய கத்தரிக்கோலைக் காகிதத்தில் சுற்றி என்னிடம் கொடுத்தார். "அம்மா ரெஸ்ட் எடுக்கட்டும்மா" என்றார். எத்தனை நாளைக்கு என்று கேட்டேன். அம்மாவின் மேசையில் வேறொருத்தி வெட்டிக்கொண்டிருந்தாள்.

கத்தரிக்கோல் என் புத்தகப்பையில் இருக்கிறது. நான் இன்னும் சொல்லவில்லை. வரும் திங்கட்கிழமை வேலைக்குப் போக வேண்டும் என்று அம்மா இன்றிலிருந்தே தெம்பைச் சேர்த்துவைக்கிறாள். குளிப்பதைக்கூடத் தள்ளிப்போட்டுவிட்டாள்.

அப்பா, "நல்லாத் தூங்கு, சரியாயிடும்" என்று போனில் இனிச் சொல்லாதீர்கள். போனை வைத்ததும் அவள் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்கிறாள். கப்பல் கரை சேர்ந்ததும் இறங்கி வந்துவிடுங்கள். முடியாதென்றால், இந்தக் கத்தரிக்கோலை அவளிடம் எப்படிக் கொடுப்பது என்றாவது எழுதுங்கள். உங்கள் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். நீங்களாவது நன்றாக இருக்க வேண்டும் என்றுதான் இங்கே இருவரும் வேண்டிக்கொள்கிறோம்.

உங்கள் அன்பு மகள்

பி.கு: அம்மா கூப்பிட்டாள். வேலைக்குப் போகிறவள் சீக்கிரம் தூங்க வேண்டுமாம். மணி ஆறரைதான். அவள் அறை விளக்கை அணைத்துவிட்டேன்.