தூரம் அடிக்கிற லைட்

ஆனி 18, செவ்வாய்

விடிந்ததிலிருந்து காற்று. தூறல் வருவது போல் வந்து போய்விட்டது. ஆட்டுப்பட்டியின் மேற்குப் படலை இழுத்துக் கட்டினேன். கயிறு பழசு, மாற்ற வேண்டும்.

மகன் அனுப்பிய பேட்டரி லைட் கொரியரில் வந்தது. கோவையில் பம்பு கம்பெனியில் இருக்கிறவன், பார்த்துத்தான் வாங்கியிருப்பான் என்று நினைத்தேன். டப்பாவின் மேல் மலை, மழை, தாடி வைத்த ஒருவன். மற்றதெல்லாம் இங்கிலீஷ். பஸ் போர்டு பார்த்துத் தமிழ் எழுத்துப் படித்தவன் நான், இங்கிலீஷுக்கு எங்கே போவது. உள்ளே விரல் நீளத்துக்கு ஒரு லைட். ஒரு அமுக்கு அமுக்கினால் வெளிச்சம். மறு அமுக்கு மங்கல். இன்னொன்று அமுக்கினால் போலீஸ் வண்டி மாதிரி விட்டு விட்டு எரிகிறது. நாய் வந்து நிற்கும்போது எந்த அமுக்கில் இருக்கிறோம் என்று எண்ணிக்கொண்டா இருப்பேன்.

போன மாதம் நாய்கள் படலைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தன. காது மடிந்த கிடாய், நெற்றியில் வெள்ளைச் சுட்டி விழுந்தவள், அவள் குட்டிகள். தின்னக்கூட இல்லை. கிழித்துப் போட்டுவிட்டுப் போய்விட்டன. எனக்கு மனுசர் பேர் மறந்தாலும் ஆடு மறக்காது. மனுசர் பேரும் மறந்ததில்லை, அது வேறு.

அன்றைக்கு மகன் வந்து இறங்கியதும் சொன்ன முதல் வார்த்தை: "எல்லாத்தையும் வித்துப்போடுங்கப்பா." இன்னொரு முறை நாய் பட்டிக்குள் வந்தால் ஒன்று விடாமல் விற்கிறேன் என்று அவன் அம்மா முன்னால் வாக்குக் கொடுத்துவிட்டேன். கோபத்தில் கொடுத்தது. கொடுத்தது கொடுத்ததுதான்.

ஆனி ஆடிக் காற்றில் காது உதவாது. குலைப்பதும் கேட்காது, ஆடு கத்துவதும் கேட்காது. கண்தான் காவல். அதனால்தான் லைட்டுக்கு இந்தப் பாடு.

ஆனி 19, புதன்

கொரியர் லைட் செத்தது. ஒரே ஒரு தூறல். கண்ணாடிக்குள் வேர்த்தது போல் நீர் நிற்கிறது. சார்ஜ் வயர் செருகும் ஓட்டைக்கு மூடியே இல்லை. மகனுக்குப் போன்.

"ரிவ்யூ எல்லாம் பாத்துத்தானுங்கப்பா ஆர்டர் போட்டேன்."

"ரிவ்யூ எழுதுனவன் மழையில நனைஞ்சானா?"

"இதுக்குத்தான் சொல்றேன். இங்க வந்து இருங்க. லிப்ட் இருக்குது, செக்யூரிட்டி இருக்குது."

செக்யூரிட்டி என்றால் ராத்திரி முழித்திருக்கிறவன். இங்கே நான் பார்க்கிற வேலை. அங்கே போனால் எனக்கு வேறொருவன் காவல்.

சாயந்திரம் சம்பந்தி வந்தார். மகளைக் கொடுத்த வீடு பக்கத்துத் தோட்டம்தான். நடுவில் எங்கள் மேய்ச்சல் காடு, கிளுவை வேலி, ஆள் நுழைகிற ஒரு கடவு. ஆடு செத்த நாளிலிருந்து வாரம் ஒருமுறை வந்து துக்கம் கேட்கிறார். "நல்ல கிடாய்ங்க சம்பந்தி. பாக்கறப்பவே நெனச்சேனுங்க" என்றார் இன்றைக்கும். காபி குடித்தார். கோழிப் பண்ணைக்குப் புதுக் கூரை போடுகிறாராம்.

ஆனி 21, வெள்ளி

காங்கேயம். பஸ்ஸில் உட்கார இடம் இல்லை. காலேஜ் பிள்ளைகள் எழுந்திருக்கவில்லை.

போகும்போதே மனதில் போட்டு வைத்தது:
– ஒரே பொத்தான். முதல் அமுக்கிலேயே முழு வெளிச்சம்.
– நனைந்தாலும் எரிய வேண்டும்.
– செல்லைக் கழற்றி வேறு போட வழி. கரண்ட் போன அன்றைக்கு?
– வேலி வரை எட்ட வேண்டும்.
– கையில் வழுக்கக் கூடாது. என் விரல் இப்போது சொன்னபடி கேட்பதில்லை.

முதல் கடைக்காரன், பொடியன். "இதுல ஏரோப்ளேனுக்கே அடிக்கலாமுங்க அப்பாரு."

"ஏரோப்ளேன் எங்க பட்டிக்கு வரதில்ல கண்ணு. நாய்தான் வருது."

இரண்டாவது கடை மோட்டார் சாமான் கடை. அந்த ஆள் கொஞ்சம் பொறுமைக்காரர். இரண்டு லைட் எடுத்து வைத்தார். ஒன்று பரப்பி அடிப்பது. பட்டி, களம், மாட்டுக்கொட்டாய் எல்லாம் பகல் மாதிரி தெரியும், ஆனால் அதற்கு அப்பால் ஒன்றுமில்லை. இன்னொன்று குறுக்கி அடிப்பது. கால்மாட்டில் கிடக்கும் பாம்பு தெரியாது, ஆனால் தூரத்தில் நிற்பதன் கண் தெரியும். கோடவுனுக்குள் கூட்டிப்போய் ஷட்டரை இறக்கி இரண்டையும் அடித்துக் காட்டச் சொன்னேன். காட்டினார்.

எரியவிட்டுக் கையில் பிடித்துக்கொண்டே நின்றேன். சூடேற ஏற இரண்டும் தானாக மங்கின. எல்லாம் அப்படித்தானாம், இல்லையென்றால் உள்ளே கருகிவிடுமாம். சரி, எவ்வளவு மங்குகிறது என்று பார்த்தேன். பரப்பி அடிப்பது பாதிக்குக் கீழே போய்விட்டது. குறுக்கி அடிப்பது கொஞ்சம் தாக்குப் பிடித்தது. பிறகு ஒரு வாளித் தண்ணீர் கேட்டேன்.

"எதுக்குங்க?"

"போட்டுப் பாக்கத்தான்."

கடையில் வயர் வாங்க வந்த ஒருவன் சிரித்தான். "அப்பாரு பொண்ணு பாக்கறாருங்க. ஜாதகமும் கேப்பாரு."

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன். பஸ்ஸில் வரும்போது சிரிப்பு வரவில்லை. பெண்ணைக் கொடுக்கும்போது இதில் பாதி பார்த்திருப்பேனா. வீடு பார்த்தேன், கிணறு பார்த்தேன், மாப்பிள்ளை பல் பார்த்தேன். அவ்வளவுதான்.

லைட் தண்ணீருக்குள் எரிந்தது. வெளியே எடுத்தும் எரிந்தது. சார்ஜ் ஓட்டைக்கு ரப்பர் மூடி இறுக்கமாக இருக்கிறது. செல் தடியாக ஒன்று, திருகிக் கழற்றலாம். கூட ஒரு செல் தனியாக வாங்கினேன். குறுக்கி அடிக்கிறதையே எடுத்தேன். கடைக்காரர் மற்றதைத்தான் எடுக்கச் சொன்னார். "வயசானவங்களுக்குப் பக்கம் தெரிஞ்சாப் போதுமுங்களே." அந்த வார்த்தைக்காகவே எடுத்தேன்.

ஆனி 22, சனி

சார்ஜ் போடும் வயர் சம்சாரத்தின் போனுக்கும் இதுதான். காலையிலிருந்து சண்டை. என் சம்சாரம் சொன்னது: "உங்க லைட்டுக்குப் பசிச்சா என்ற போனு பட்டினியா?" தங்கச்சியோடு பேச முடியவில்லையாம். தினமும் பேசுவதில் ஒரு நாள் விட்டால் என்ன.

பொழுது இறங்கியதும் அடித்துப் பார்த்தேன். வேலி மேல் ஒவ்வொரு கிளுவை முள்ளும் தனித்தனியாகத் தெரிகிறது. முயல் ஒன்று அசையாமல் நின்றது. ஆட்டின் பக்கம் அடிக்காமல் பழக வேண்டும். மிரளுகின்றன.

நல்ல சாமான். மகனிடம் சொல்லவில்லை.

ஆனி 25, செவ்வாய்

விடியக்காலை. கோழி கூப்பிட்டு முடியவில்லை. ஆடெல்லாம் ஒரே மூலையில் நெருக்கி நின்றன. சத்தம் இல்லை, காற்றுதான். லைட்டை எடுத்து அடித்தேன். படலுக்கு வெளியே கண்கள். பச்சையாக. கத்திக்கொண்டு ஓடினேன். உள்ளே வரவில்லை. ஒன்றுகூட உள்ளே வரவில்லை, அதை எழுதி வைக்கிறேன். வாக்குத் தப்பவில்லை.

விடவில்லை, வெளிச்சத்தை அவை பின்னாலேயே விட்டேன். காடு முழுக்க ஓடின. கடவு வழியாக ஒவ்வொன்றாக நுழைந்தன. கடைசியில் போனது நின்று திரும்பிப் பார்த்தது. செவலை. கழுத்தில் நீலப் பட்டை. என்னைப் பார்த்து வாலை ஆட்டியது.

சம்பந்தி வீட்டு நாய். அதற்கு என்னைத் தெரியும். போகும்போதெல்லாம் கையை நக்கும்.

பெண் பார்க்க வந்த அன்று சம்பந்தி சொன்னது: "எங்கூட்டு நாய்க்குக்கூட உங்க பொண்ணு கையால சோறு கெடைச்சா அது புண்ணியமுங்க." கேசரி சாப்பிட்டுக்கொண்டே சொன்னார். கேட்டவர்களெல்லாம் எவ்வளவு தன்மையான மனுசர் என்றார்கள். என் காதில் அப்படியே இருக்கிறது.

சம்சாரத்திடம் சொன்னேன். அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

"யார்கிட்டயும் சொல்லாதீங்க. புள்ள அங்க வாழுது."

ஆனி 26, புதன்

மகளுக்குப் போன் போட்டேன். அவள் மாமனார் சந்தைக்குப் போகும் நேரம் பார்த்து.

"கண்ணு, செவலையை ராத்திரி கட்டறதில்லையா?"

"மாமா அவுத்து உட்ருவாருங்கப்பா. கோழிப் பண்ணைக்குக் காவலு."

"போன மாசம் அது வாயில ஏதாச்சும் பாத்தியா?"

கோழிகளை விரட்டுகிற சத்தம் கேட்டது.

"கண்ணு."

"ரத்தமா இருந்துச்சுங்கப்பா. நாந்தான் கழுவி உட்டேன். மாமா பாத்தா சங்கடப்படுவாரேன்னு."

மாமா சங்கடப்படுவார். வைத்துவிட்டேன். கிடாயைக் குட்டியாக இருந்தபோது பால் புகட்டி வளர்த்தவள் அவள்தான்.

ஆனி 27, வியாழன்

போனேன். சம்சாரம் வேண்டாம் என்றாள், போனேன்.

கயிற்றுக் கட்டில் எடுத்துப் போட்டார் சம்பந்தி. மோர் வந்தது. மகள் வைத்துவிட்டுக் கதவோரம் நின்றாள், முகம் பார்க்கவில்லை. மழை பேசினோம். கோழிக்கு வரும் சீக்குப் பேசினோம். நம் பக்கத்தில் எதற்கும் நேராகப் போவது மரியாதை இல்லை. சுற்றி வந்துதான் சேர வேண்டும். சுற்றினேன்.

"காத்துக் காலத்துல நாயெல்லாம் கூட்டம் சேந்து சுத்துதுங்க சம்பந்தி."

"ஆமாங்க. எல்லாம் கறிக்கடைக் கழிவு தின்னு பழகுனதுங்க."

"பட்டை போட்ட நாயும் கூடச் சுத்துதுங்க."

"யாராச்சும் வளத்துத் தொரத்தி உட்டிருப்பாங்க. பாவமுங்க."

"செவலைங்க. நீலப் பட்டைங்க."

சிரித்தார். "ஏனுங்க சம்பந்தி, அந்த லைட்டு வெளிச்சத்துல எல்லா நாயும் செவலையாத்தானுங்க தெரியும். நமக்கும் வயசாச்சுங்க. பையன்கிட்டச் சொல்லி உங்களக் கண்ணு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகச் சொல்லட்டுங்களா?"

செவலை அவர் கட்டிலுக்கு அடியில்தான் படுத்திருந்தது. வாலை மண்ணில் தட்டிக்கொண்டிருந்தது.

"அது உன்ற நாய்," என்றேன். "நீ அதைக் கட்டு."

ங்க போடவில்லை. போட வரவில்லை. அறுபதைத் தாண்டிய மனுசர், பெண் எடுத்தவர். நான் பிறந்ததிலிருந்து பெண் எடுத்த வீட்டில் யாரும் 'நீ' சொல்லிக் கேட்டதில்லை. அடிதடி நடந்த வீட்டில்கூட ங்க போட்டுத்தான் அடித்துக்கொண்டார்கள்.

சம்பந்தி மெல்ல எழுந்தார். "வெயிலு ஏறறதுக்குள்ள போயிச் சேரோணுமுங்கள்ல," என்றார்.

அவர் ங்க விடவில்லை. அதில்தான் ஜெயித்துவிட்டார்.

ஆனி 29, சனி

நேற்றிலிருந்து போன் ஓயவில்லை. எல்லாருக்கும் தெரிந்துவிட்டது.

மகன்: "ஒரே ஒரு ங்க போட்டிருந்தா என்னங்கப்பா கொறஞ்சு போயிருக்கும்?"

வெள்ளகோவிலிலிருந்து மச்சான்: "மாமா, நீங்களா அப்படிச் சொன்னீங்க? நான் நம்பவே இல்லீங்க."

மாப்பிள்ளை பேசவே இல்லை.

செத்த ஆட்டைப் பற்றி ஒரு வாய் கேட்கவில்லை. நாயைக் கட்டியாயிற்றா என்று ஒரு வாய் இல்லை. 'நீ' சொன்னீங்களா, 'நீ' சொன்னீங்களா, அதுவேதான். மகனைத் தவிர இவர்களெல்லாம் ஆடு செத்தபோது ஒரு போன் போடாதவர்கள். யார் யார் என்று எனக்கு வரிசையாகத் தெரியும்.

சம்சாரம் தட்டை வைத்துவிட்டுச் சொன்னது: "நாய் கடிச்சது ஆட்டை. நீங்க கடிச்சது மனுசனை."

கடைக்காரர் பேச்சைக் கேட்டுப் பரப்பி அடிப்பதை வாங்கியிருந்தால் வெளிச்சம் பட்டியோடு நின்றிருக்கும். நாய்கள் என்று பொதுவாகத் திட்டிக்கொண்டு, சம்பந்திக்குக் காபி கொடுத்துக்கொண்டு இருந்திருப்பேன்.

ஆனி 31, திங்கள்

தூறல். மகள் போன் செய்தாள், மெதுவாகப் பேசினாள்.

"செவலையைச் சங்கிலி போட்டுக் கட்டியாச்சுங்கப்பா. மாமாவே கட்டிட்டாரு. அது கத்திட்டே கெடக்குது."

"நாளான்னிக்கு ஆடி ஒண்ணு. வருவீல்ல?"

"உடமாட்டாங்கப்பா. நீங்க வந்து ஒரு வார்த்தை சொல்லோணுமாம்."

"என்ன வார்த்தை?"

"தெரியாம வாயில வந்துருச்சுன்னு."

தெரிந்துதான் வந்தது.

"அம்மா வரச் சொன்னாள்னு வேணா சொல்லிப் பாரு கண்ணு."

"அம்மாவும் மாமாகிட்டக் கேட்டுப் பாத்தாச்சுங்கப்பா," என்றாள்.

ஆடி 1, புதன்

ஆடிப் பண்டிகை, நோம்பி. காற்று குறையவில்லை. சம்சாரம் தேங்காய் சுட்டாள், இரண்டு பேருக்கு ஒன்று. பாதி மிஞ்சியது. மகன் வரவில்லை, லீவு இல்லையாம். பட்டியில் எல்லாம் பத்திரம். இந்த வாரம் நாய் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. விற்க வேண்டியதில்லை.

இருட்டு விழும் நேரம், பட்டியை அடைத்துவிட்டுக் கடவு வரை போனேன். லைட்டை அந்தப் பக்கம் அடித்தேன். அவர்கள் வாசல் வரை போய் விழுந்தது. மகள் தொட்டிக்குப் பக்கத்தில் குந்தி ஏனம் கழுவிக்கொண்டிருந்தாள். வெளிச்சம் முகத்தில் பட்டதும் ஈரக் கையைக் குறுக்கே பிடித்தாள். யார் என்று அவளுக்குத் தெரியும், இந்தப் பக்கத்தில் வேறு யாரிடமும் இப்படி லைட் இல்லை. கழுவினதைப் பாதியில் வைத்துவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.